டீசல் இல்லாத ஒரு மணித்தியாலம்

சூரிய ஒளியும் பற்றரியும் டீசலும் சேர்ந்து ஓடும் மின்னிலையங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. டீசலை எந்த அளவுக்குக் குறைக்கலாம்? முழுவதுமாகவே குறைக்கலாம். எஞ்சினை நிறுத்தினால் போதும். சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த எவரும் அதைச் செய்யலாம். எந்த நேரத்தில் அதை அழுத்தலாம், எந்த நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

நான் கரவெட்டியில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவொன்றில் மின்னிலையப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே உள்ளவர்கள் நல்லவர்கள். ஆனால் தங்கள் தீவைப் பற்றி வேறு ஊரார் கதை சொல்வதை அவ்வளவாக விரும்புவதில்லை.

அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வராது. நாங்கள் உற்பத்தி செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீண்ட காலமாக டீசல் எஞ்சின்கள் மட்டுமே இருந்தன. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் நேரத்துத் தேவையைப் பார்த்து வாங்கியவை. பகலில் ஆண்கள் கடலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், தேவை சொற்பம். கலியாணச் சமையலுக்கு வாங்கிய கிடாரத்தில் ஒரு ஆளுக்குத் தேத்தண்ணி வைப்பது போல, பெரிய எஞ்சின் பகல் முழுவதும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும் எஞ்சினில் டீசல் சரியாக எரியாது. புகைக்குழாய் ஓரத்தில் கறுப்பாக வடியும். அதைத் துடைப்பதற்கென்றே ஒரு பழைய சாரத்துணி எங்களிடம் இருந்தது.

பிறகு சோலார் தகடுகளைப் பொருத்தினார்கள். எல்லாருக்கும் சந்தோசம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஒரு அலகு மின்சாரத்துக்கு எரிந்த டீசல் முன்பை விடக் கூடியிருந்தது. சூரியன் பாதிச் சுமையை எடுத்துக்கொள்ள, எஞ்சினுக்கு மிச்சமிருந்த வேலை இன்னும் குறைந்து, அது இன்னும் மோசமாக எரித்தது. மேலிடத்தில் இதை நம்பவில்லை. மானியில் பிழை என்று சொல்லிப் புதிய மானி அனுப்பினார்கள். புதிய மானியும் அதையே சொன்னது.

அப்போது எங்களுக்கு மேலே பிராந்தியப் பொறியியலாளராக ஒருவர் இருந்தார். என்னை விட இரண்டொரு வயதுதான் மூத்தவர். அவரை நாங்கள் சேர் என்றே அழைத்தோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் படகில் வந்தார், புகைக்குழாயைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார். “ஓட்டுறதெண்டா ஒழுங்கா ஓட்டவேணும். இல்லாட்டி நிப்பாட்டவேணும். இப்பிடி இழுத்துக்கொண்டு கிடக்கிறதுதான் நட்டம்,” என்றார். அதற்குப் பிறகுதான் பற்றரி வந்தது. பகலில் சூரியன் போதுமான நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிடலாம்; தேவைப்படும்போது மட்டும் அதை நல்ல சுமையில் ஓட்டலாம். கணக்குச் சரி. இன்றைக்கும் சரி.

பற்றரி வேலை முடிந்ததும் திறப்பு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வருவார். அவர் முன்னிலையில் தீவு முழுவதும் ஒரு மணித்தியாலம் டீசல் இல்லாமல் இயங்கும். மின்னிலைய வாசலில் பெரிய மின்மணிக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். எஞ்சின் நின்றதும் அது பச்சை எழுத்தில் ஓடத் தொடங்கும். எஞ்சின் எழும்பினால் தானாகவே பூச்சியத்துக்கு வந்து சிவப்பாகும். அதை வடிவமைத்தவருக்கு விழாக்களில் அனுபவமில்லை என்று நினைக்கிறேன்.

அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் எங்கள் பக்கத்து வானத்தை நம்பி யாரும் புளியைக்கூட வெயிலில் காயவிடுவதில்லை. ஆனால் விருந்தினருக்கு வசதியான நாள் அதுதான்.

காலையில் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் போன் எடுத்தாள். இளம்பிள்ளை, அங்கே வந்து கொஞ்சக் காலம்தான். என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள்.

“அன்ரி, இண்டைக்குக் கரண்ட் நிக்காதுதானே?”

“ஏன் டொக்டர்?”

“நெஞ்சுவருத்தக்கார ஐயா ஒராள் வாட்டிலை இருக்கிறார். ஒட்சிசன் மெசினிலைதான் வைச்சிருக்கிறன். சிலிண்டர் முடிஞ்சுது. நிரப்பினது இண்டைக்குக் காலமைப் படகிலை வாறதெண்டு இருந்தது.”

“வரேல்லையோ?”

“படகிலை இடமில்லையாம். பின்னேரம்தான் வருமாம்.”

காலைப் படகில் விருந்தினர்களும், அவர்களுக்குப் போடும் மாலைகளும், பந்தலுக்கு வாடகைக்கு எடுத்த இரண்டு பெரிய ஏசி இயந்திரங்களும் வந்திருந்தன.

“ஆஸ்பத்திரி ஜெனரேற்றர்?” என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அது எங்கள் முற்றத்தில், தலை கழற்றிய நிலையில், திருத்த வேலைக்காகக் கிடந்தது. உதிரிப்பாகம் வரவேண்டும். அதுவும் படகில்தான்.

“கரண்ட் நிக்காது,” என்றேன். வாக்குக் கொடுப்பது சுலபமான வேலை. பொத்தான்கூடத் தேவையில்லை.

விழா தொடங்கியது. மேளம், மாலை, மங்கல விளக்கு எல்லாம் முறைப்படி. எஞ்சின் நின்றது, மணிக்கூடு பச்சையில் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் மூன்று பேர். நான், அன்றைய எஞ்சின் இயக்குநர் மரியதாஸ் அண்ணை, பற்றரி நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த பொறியியலாளர் ரமணன். மரியதாஸ் அண்ணை அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய மகள் வரவேற்பு நடனத்தில் நடுவில் ஆடுகிறாள் என்று காலையிலிருந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ரமணனுக்கு அளவெட்டி. கொழும்பில் வேலை, கெட்டிக்காரன், தன் வேலையில் பொய் சொல்லாதவன். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் இல்லை. உங்கள் வேலையிலும் அநேகமாக இருக்கமாட்டார்கள். இருந்தால் முடிவெடுப்பது இலேசாக இருக்கும்.

திரையில் சுமையைப் பார்த்தேன். பகலில் அந்த நேரத்தில் அந்தத் தீவு அவ்வளவு மின்சாரம் எடுத்து நான் பார்த்ததில்லை. பந்தலின் ஏசி இரண்டும், ஒலிபெருக்கிகளும், சிற்றுண்டிக்கு வைத்த மின்னடுப்புகளும் சேர்ந்து இழுத்தன. மின்சாரச் சிக்கனத்தைக் கொண்டாட அவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது.

பற்றரி அடுக்குகளில் ஒன்று மற்றவற்றை விடச் சூடாக இருந்தது. அது சில நாட்களாகவே அப்படித்தான். எச்சரிக்கை எல்லைக்கு இன்னும் தூரம் இருந்தது. அதை மீறினால் அடுக்கு இணைப்பை விட்டுக் கழன்றுகொள்ளும்.

வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். தலைக்கு மேலே நல்ல வெயில். மேற்கே, பக்கத்துத் தீவில் வழக்கமாகத் தெரியும் தேவாலயக் கோபுரத்தைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன.

உள்ளே வந்து ரமணனிடம் சொன்னேன். அவன் திரையில் கணக்குப் பார்த்தான்.

“வெயில் முழுசாப் போனாலும் பற்றரி தாங்கும், மிஸ். அதுக்குத்தானே வைச்சது.”

“உந்தக் கணக்கிலை பந்தல் ஏசி இருக்கோ?”

“இல்லை.” திரையில் அதையும் சேர்த்துப் பார்த்து, “அதைச் சேத்தாலும் தாங்கும். கொஞ்சம் இறுக்கம்.”

“சூடா இருக்கிற அடுக்குக் கழண்டால்?”

“கழராது, மிஸ்.”

“கழண்டால்?”

“மழை கெதியா விட்டால் பிரச்சினை இல்லை.”

“விடாட்டி?”

“அது தெரியாது, மிஸ்,” என்றான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதது அவனிடம் எனக்குப் பிடித்த குணம்.

பந்தலின் மின்சாரத்தை வெட்டலாமா என்று யோசித்தேன். பந்தலும் ஆஸ்பத்திரியும் ஒரே லைனில் இருந்தன. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். ஏசியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். போனவர் திரும்பி வந்து, விருந்தினருக்கு வியர்க்கிறது என்றார். சேர் மேடையில் இருந்தார். அவருடைய போனை நிறுத்திவைத்திருந்தார், மேடையில் இருப்பவர்கள் செய்வதுபோல.

இந்த இடத்தில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது கணினி தானாகவே எஞ்சினைப் போடும், அது போதாதா என்று கேட்பீர்கள். ஆறிக் கிடக்கும் டீசல் எஞ்சின் எழும்பி, சூடாகி, ஒரு தீவின் சுமையை வாங்குவதற்கு அவகாசம் வேண்டும். மேகத்துக்கு அவ்வளவு அவகாசம் வேண்டாம். இருட்டிய பிறகு எஞ்சினைத் தேடிப் போனால், பற்றரி தனியாக நின்று பிடிக்குமா என்பதற்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனிதரை வைத்துப் பரீட்சை நடத்துகிறோம் என்றுதான் அர்த்தம்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் நான் கதிரையில் இருந்தேன். வெளியே நடனம் முடிந்து பேச்சுத் தொடங்கியது. மணிக்கூட்டில் பாதிக்கூடத் தாண்டவில்லை. பேச்சு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பேச்சில் இந்தப் பந்தியாவது முடியட்டும் என்று நினைத்தேன்.

திரையில் சோலார் உற்பத்தியைக் காட்டும் கோடு முதல் முறையாகச் சற்றுக் கீழே வளைந்தது.

“மரியதாஸ் அண்ணை, ரெண்டாம் நம்பர் எஞ்சினைப் போடுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். “மிஸ், அவர் இப்பதான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்.”

“தெரியும்.”

“ஊர் முழுக்க வாசலிலை நிக்குது. மணிக்கூடு சிவப்பாகும்.”

“ஓம்.”

“நான் இந்த ஊர்க்காரன், மிஸ். நாளைக்குச் சந்தையிலை என்ன சொல்லுவன்?”

“நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.”

“அதை நம்புவினமோ?”

“நம்பாட்டி என்னட்டை அனுப்புங்கோ.”

அவர் எழும்பிப் போய்ப் போட்டார். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

ஆறிய எஞ்சின் எழும்பும்போது முதலில் ஒரு பெரிய கறுப்புப் புகையை விடும் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தினர் அப்போது புகையில்லாத எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். மழைக்கு முன்னால் வரும் காற்று மேற்கிலிருந்து வீசியது. எங்கள் புகைக்குழாய் பந்தலுக்கு மேற்கே இருந்தது. மணிக்கூடு சிவப்பாகிப் பூச்சியத்துக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள், இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

சிறிது நேரத்தில் வானம் மூடியது. மழை என்றால் அப்படி ஒரு மழை. திரையில் சோலார் கோடு அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. எஞ்சின் அதற்குள் சூடாகியிருந்தது, சுமையை வாங்கிக்கொண்டது. சத்தம் மட்டும் சற்றுக் கனத்தது. பந்தலில் விளக்குகளைப் போட்டார்கள். விருந்தினர் நனையாமல், வியர்க்காமல், பிரகாசமான வெளிச்சத்தில் பேச்சை முடித்தார். ஒரு விளக்குக்கூட மினுங்கவில்லை. ஆகவே எஞ்சின் எதற்கு ஓடியது என்று அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை.

மழை விடவில்லை. ரமணன் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனான். பிறகு குரலை உயர்த்தாமல், “மிஸ், அந்த அடுக்குக் கழண்டிட்டுது,” என்றான்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே விலகியிருந்தது. எஞ்சின் ஓடியதால் அந்த அடுக்கின் பங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. எஞ்சின் ஓடியிருக்காவிட்டால் மற்ற அடுக்குகள் தனியாகத் தாங்கியிருக்குமா? ரமணன் பிறகு எல்லாப் பதிவுகளையும் வைத்துக் கணக்குப் பார்த்தான். தாங்கியிருக்கலாம் என்று வந்தது. இன்னொரு தடவை பார்த்தான். தாங்காமலும் விட்டிருக்கலாம் என்று வந்தது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களிடம் இந்தக் கதையைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சரியான முடிவு எடுத்தால் கடைசியில் அது சரி என்று யாராவது வந்து சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன்.

“ஐயா எப்பிடி?”

“நித்திரை. ஏன் அன்ரி, கரண்ட் ஏதும் நிண்டதோ?”

“இல்லை.”

“உங்கடை பக்கம் புகையாக் கிடந்துது. நெருப்பெண்டு நினைச்சன்.”

விருந்தினர்கள் மழை விட்டதும் படகேறினார்கள். வழியனுப்பிவிட்டுச் சேர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். வெள்ளைச் சேட்டில் தோள்பட்டையிலிருந்து கீழே கரிப்பொட்டுகள். மரியதாஸ் அண்ணை எழும்பி வெளியே போனார். ரமணனும் ஏதோ சாட்டுச் சொல்லிப் போனான். சேர் கதிரையில் இருந்து சேட்டைத் தட்டினார். அது இன்னும் பரவியது.

நான் நடந்ததைச் சொன்னேன். ஒட்சிசன், சிலிண்டர், ஜெனரேற்றர், ஏசி, சூடான அடுக்கு, எல்லாம்.

“ஒண்டு கேக்கிறன்,” என்றார். “இண்டைக்கு விழா ஒண்டும் இல்லை. வாசலிலை ஒருத்தரும் இல்லை. இதே வானம், இதே ஆஸ்பத்திரி. எஞ்சினைப் போட்டிருப்பியளோ?”

“போட்டிருப்பன், சேர்.”

“இதே நேரத்திலையோ?”

நான் யோசித்தேன். கோபுரம் தெரியாமல் போனதை நான் வெளியே நின்று பார்த்த நேரம் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு முழு நடனம் ஆடி முடிந்திருந்தது.

“இல்லை. இன்னும் வெள்ளெனப் போட்டிருப்பன்.”

“அப்ப பிழை அதுதான்,” என்றார் சேர். “போட்டது பிழையில்லை. ஆக்களைப் பாத்துக்கொண்டு இருந்ததுதான் பிழை.”

நான் அவரிடம் பாராட்டை எதிர்பார்த்திருந்தேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அவர் எழும்பி, அந்தச் சாரத்தை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசிப் படகுக்குப் போனார்.

எதிர்பார்த்தபடி மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். தானாக இயங்கும் தொகுதியில் தேவையில்லாமல் தலையிட்டது ஏன்? நான் உள்ளதை எழுதினேன். டீசல் எஞ்சின் உரிய நேரத்துக்குப் பிந்தியே இயக்கப்பட்டது, அது என் தவறு, இனி அப்படி நடக்காது என்று எழுதி அனுப்பினேன். தேவையில்லாத வேலையை ஏன் பிந்திச் செய்தாய் என்று எப்படிக் கேட்பது என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். பதில் வரவில்லை.

ரமணன் மட்டும் திரும்பி வந்தான். யாரும் அனுப்பாமல், தானாகக் கேட்டு வந்தான். பற்றரி அறையின் குளிரூட்டலை மாற்றி அமைத்தோம். நிறுத்தியிருக்கும் எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்க ஒரு ஹீற்றர் போட்டோம். அதற்குக் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். ஆனால் எஞ்சின் அழைத்தவுடன் எழும்பும், கறுப்பாக இருமாது. ஆஸ்பத்திரியின் ஜெனரேற்றருக்குத் தலை பூட்டினோம். மேற்கு வானத்தைப் பார்க்க ஒரு கமெரா வைத்தோம். அந்தக் கோபுரம் மறைந்தால் எஞ்சினைப் போடுவது என்று ரமணன் கணினியில் எழுதிவைத்தான். கொழும்பில் அந்த விதியைப் படித்தவர்கள் கோபுரம் என்றால் என்ன அளவு என்று கேட்டு எழுதினார்களாம்.

மரியதாஸ் அண்ணை என்னுடன் சில வாரங்கள் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். மகளின் நடனத்தைப் பற்றி ஊர் பேசவில்லை, புகையைப் பற்றித்தான் பேசியது. அதற்கு நான் என்ன சொல்ல? ஒரு நாள் அவரே ஒரு பை மீன் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நல்ல விளைமீன்.

பிறகு, சாதாரண வேலைநாள் ஒன்றில், வானம் நன்றாக வெளித்திருந்த மத்தியானத்தில், எஞ்சினை நிறுத்தினோம். மணிக்கூட்டை அதற்குள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நானும் மரியதாஸ் அண்ணையும் மட்டும்தான். எஞ்சின் கடைசியாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. காகங்கள் கத்துவது கேட்டது. அங்கே காகங்கள் இருப்பதை நான் அதற்கு முன் கவனித்ததில்லை.

திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தீவு முழுவதும் மின்சாரம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சந்திக் கடைக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். “கரண்ட் போயிட்டுதோ, மிஸ்?”

“இல்லையே. உங்கடை கடையிலை இல்லையோ?”

“கடையிலை இருக்கு. சத்தத்தைத்தான் காணேல்லை.”

அவரை அனுப்ப, இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு பங்குச் சுவாமி போன் எடுத்தார்.

“என்ன பிள்ளை, எஞ்சின் நிண்டிட்டுதாம். கரண்ட் இல்லையோ?”

“உங்கடை ஃபேன் சுத்துதோ, ஃபாதர்?”

“சுத்துது. அதுதான் பயமாக் கிடக்கு.”

விளங்கப்படுத்தினேன். சரி சரி என்றார். நம்பியதாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தால், வாசலில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. வருத்தக்காரர் படுத்திருக்கும் வீட்டு முன்னால் நிற்பதுபோல மெதுவாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

மரியதாஸ் அண்ணை அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மிஸ், ஊராக்கள் கவலைப்படுகினம். ஒருக்காப் போட்டு விடுவமோ?”

நான் எழும்பி வெளியே போய் மேற்கே பார்த்தேன். கோபுரம் தெளிவாகத் தெரிந்தது.

“வேண்டாம்,” என்றேன்.

அவர் வாசலுக்குப் போய் அவர்களுடன் நின்றுகொண்டார்.